மூன்றாவது சவ்வு

மத்தியானம் ஒன்றரை மணி. மேலூர் தாண்டி, குவாரிக்குப் போகிற மண் ரோடு. ஈ காக்கா இல்லை... பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? கரண்ட் வரும்வரை கிட்ட வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

அந்த ரோட்டில் மொபெட்டில் வந்தவன் முத்திருளன். நம்ம தெரு பாலமுரளியின் கூட்டாளிக்குச் சித்தப்பா. மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரி, பிணம் அறுத்துப் படிக்கிற கூடத்தில் வேலை. அன்றைக்கு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். பெட்டிக்குள், படித்து முடித்து மிஞ்சிய காளையின் உடம்பு. இருபது வருஷம் குவாரியில் கல்தூசி தின்று செத்த மனுஷன். பிள்ளைகள் படிக்கட்டும் என்று உடம்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கூடத்தில் ஒரு முறை உண்டு. அறுத்ததில் துணுக்குகூட வெளியே போகாது. எல்லாம் அந்தந்த மேஜைக்குக் கீழே இருக்கிற வாளியில், கடைசியில் வீட்டுக்கு.

பெட்டியை வாங்கிய பெண்டாட்டி இருளாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எல்லாம் இருக்காண்ணே?"

"எல்லாம் இருக்குத்தா."

"குறஞ்சா அந்த மனுசன் விடமாட்டாரு. கட்டுல ஒரு பீடி குறஞ்சாலே ஊரக் கூட்டுவாரு."

முத்திருளன் சிரித்தபடி வண்டியை எடுத்தான். சொன்னது பொய்.

நுரையீரலுக்கு ரெண்டு சவ்வு. ஒன்று நுரையீரலைப் போர்த்தியிருக்கும். இன்னொன்று விலா எலும்புக்கு உட்பக்கம், கோட்டுக்கு உள்துணி தைத்த மாதிரி. நடுவில் வழுக்கிக்கொடுக்கக் கொஞ்சூண்டு நீர். காளைக்கு வெளிச்சவ்வு செருப்புத்தோல் போலத் தடித்திருந்தது. அதை விரலை விட்டே, கிழியாமல், முழுசாக உரித்தெடுத்தான் முத்திருளன். பேராசிரியர் அசந்துபோனார்.

"மியூசியத்துல வைப்பா இத. உன் வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுதறேன்."

அது வாளிக்குப் போகவில்லை. பதினேழு என்று நூலில் சீட்டுக் கட்டி ஜாடிக்குப் போனது.

பாதி ரோட்டில்... கரக்.

புதுச் செருப்பு நடக்கிற சத்தம். திரும்பினான். ஆள் இல்லை. வண்டியை நிறுத்தினான். அப்போதும்... கரக். பயத்தில் மூச்சைப் பிடித்தான். சத்தம் நின்றது. மூச்சை இழுத்தான்...

கரக்.

மூக்கில் ஜாடி மருந்தின், அந்த ஃபார்மலின் நெடி. பல்லிடுக்கில் கல்தூசி நறநறத்தது.

மறுநாள் கல்லூரி ஆஸ்பத்திரியில் திவ்யா டாக்டர் அவனுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு சவ்வுதான இருக்கணும்ணே... உங்களுக்கு மூணு இருக்கு. ஓரத்துல ஏதோ நூல் வேற தொங்குது."

மியூசியத்துக்கு ஓடினான். ஜாடியின் அரக்கு முத்திரை உடையவில்லை. மருந்து தளும்பி நிற்கிறது. சவ்வும் இல்லை, சீட்டும் இல்லை.

மூன்றாம் நாள் பாதி மூச்சுகூட ஏறவில்லை. இருளாயி காலில் விழுந்து உண்மையைச் சொன்னாலாவது உயிர் மிஞ்சாதா? அதே ரோடு. அதே ஒன்றரை மணி.

இருளாயி வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றாள். காளையைப் புதைத்த மேடு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குழி... மண் ஈரம் காயவில்லை. அவன் வாயைத் திறக்குமுன் நெஞ்சு பேசியது. கரக்... கரக். புருஷனோடு இத்தனை வருஷம் படுத்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

"கொண்டாந்துட்டீங்களாண்ணே?"

முந்தானையில் வேர்வையைத் துடைத்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"உங்க ஒசரம் எம்புட்டுன்னு தெரியல... குத்துமதிப்பாத்தான் வெட்டிருக்கேன்."