எந்த மூட்டை நல்ல மூட்டை?

...ஏமாத்துறானுங்க தம்பி, சுத்தமா ஏமாத்துறானுங்க. மூட்டை மேல தேவதாரு மரத்துப் படம் போட்டிருக்கான், உள்ள என்னத்த அரைச்சுப் போட்டானோ. உக்காருங்க. கோட்டக் கழட்டாதீங்க, இந்த வீட்ல கோட்டோடதான் உக்காரணும்.

வீட்டச் சூடாக்கற அடுப்புல போட எந்த மரத்தூள் பெல்லட் வாங்கலாம்னு கேக்கத்தான வந்தீங்க? மாடிக்குக் குடிவந்த மறுநாளே சரியான ஆளப் புடிச்சிட்டீங்க. கடைல என்னைப் பாத்தாலே 'புரொபசர் ஒத்தொரீனோ வந்துட்டாரு'ங்கறான். கேலிதான்... இருக்கட்டும்.

மொதல்ல பீச் மரத்துல செஞ்சது வாங்கினேன். சாம்பல்னா சாம்பல், அப்படியொரு சாம்பல். அப்பறம் ஆஸ்திரியா சரக்கு, சுத்த தேவதாரு. மோந்து பாத்தா காட்டு வாசனை. ஒரு கை அள்ளி தண்ணி கிளாஸ்ல போட்டேன், கல்லு மாதிரி அடில உக்காந்துச்சு. நல்ல சரக்குன்னா அப்படித்தான் உக்காரணும். எரிச்சா? அதே கதை. அடுப்புக் கண்ணாடி கருப்பு, தீ பாருங்க, தூங்கி வழியுது. கட்டி கட்டியா சாம்பல். அப்பறம் ரெண்டையும் கலந்தேன். காப்பி போட்டு வெச்சிட்டு அதுக்குப் பதிலா பெல்லட் ஊறுன தண்ணியக் குடிச்சிட்டேன் ஒரு நாள். சிரிங்க, சிரிங்க.

எர்சீலியா சிரிக்கல. என் சம்சாரம். "குளிரையும் புகையையும் சேத்துக் கட்டிக்கிட்டு நீயே குடும்பம் நடத்து"ன்னு கீழ்வீட்ல அவ தங்கச்சி நீவெஸ்கிட்ட போயிட்டா. அந்த நீவெஸ் எதை எரிக்கிறா தெரியுமா? சூப்பர்மார்க்கெட்ல இருக்கறதுலயே மட்டமான மூட்டை! அங்க கையில்லாத சட்டையோட உக்காந்து சீட்டாடுறாங்க. அவ இல்லாம பொலெந்தா, அதான் சோளமாவுக் களி, கிண்டினா எனக்குக் கட்டி தட்டுது தம்பி. அடுப்பு ஒழுங்கா எரிஞ்சாத்தான் மேல வருவாளாம். குத்தம் பெல்லட்லதான்னு தெருவே கேக்கச் சத்தியம் பண்ணிட்டேன், இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு...

என்ன, செவுத்தையே பாக்கறீங்க? அதுவா, ஸ்வெட்டர் கைதான் வெளிய தொங்குது. அடுப்பு மாட்ட வந்தவன் செவுத்துல பெருசா ஓட்டை போட்டுட்டுப் போயிட்டான். சட்டமாம். அடுப்புக்குக் காத்து வேணுமாம். தம்பி, மலைக்காத்து நேரா என் முதுகுல அடிக்குது! காசு குடுத்து வீட்டச் சூடாக்கிட்டு ஓட்டையையும் வெச்சிக்கறதுக்கு நான் என்ன முட்டாளா? அதான் நல்லா கெட்டியா அடைச்சு...

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

ஐயையோ, இழுக்காதீங்க, குளிரும்... இழுத்துட்டீங்களா... இருங்க. தீயப் பாருங்க. எந்திரிச்சு நிக்குது. அதே ஆஸ்திரியா மூட்டைதான் தம்பி, அதேதான்... கை வெச்சுப் பாருங்க, சுடுது.

நாலு மாசமா நான் மரத்த மோந்து பாத்துக்கிட்டிருந்தேன். புரொபசர்!

தம்பி, கீழ மட்டும் சொல்லிடாதீங்க. புரியுதா? தம்பி?... எங்க போயிட்டாரு? கதவு தொறந்து கெடக்கு. எந்த மூட்டை வாங்கணும்னு இன்னும் சொல்லவே இல்லயே.

...கீழ சிரிக்கறாங்க. நீவெஸ் சிரிப்புதான் பெருசு. அது யாரு, படியேறுறது? எர்சீலியா நடைதான். சிரிச்சிக்கிட்டே வர்றா. வரட்டும், எவ்வளவு வேணா சிரிக்கட்டும், வந்தா போதும்.

ஐயோ, இந்த ஸ்வெட்டர்... அவ பின்னிக் குடுத்தது. ரயில்ல தொலைஞ்சு போச்சுன்னுல்ல சொல்லி வெச்சிருக்கேன்.