பெரட்டில் தூங்கிய மச்சான்

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம். சுங்கை சிப்புட்டில் அரிசிக்கு வரிசை பிடித்து நின்றோம். எனக்கு முன்னால் நின்ற தோட்டத்து ஆள், தன் பக்கத்தில் நின்றவரிடம் திடீரென்று சொன்னார்:

“எங்கக்கா புருஷன நாந்தாண்ணே சயாமுக்கு அனுப்பிட்டேன்.”

“என்னலா சொல்ற? போனவன் எவனும் திரும்பலயே!”

“ஆள் புடிக்கிற லாரிக்குப் பயந்து மச்சான் ஆறு ராத்திரியா ரப்பர் காட்டுல முழிச்சிக் கெடந்தாரு. பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வரலன்னா அரிசி இல்ல பாருங்க, இன்னிக்குக் காலைல வந்தாரு. அங்கயே நின்னுக்கிட்டுத் தூங்கிட்டாரு. கங்காணி அடிப்பாரேன்னு முழங்கையால இடிச்சேன். தன் பேரத்தான் கூப்பிட்டாங்கன்னு நெனச்சு கையத் தூக்கிட்டாரு. கணக்கெழுதுற கிராணி அப்ப, சயாம் ரயில் பாதை போடுற வேலைக்கு யாரு வாரீங்கன்னு கேட்டுக்கிட்டு நின்னாரு.”

“தூக்கக் கலக்கம்னு சொல்றதுதானே?”

“அதுக்குள்ள ஜப்பான்காரன் கைதட்டிட்டாண்ணே. எல்லாரையும் தட்டச் சொன்னான். நானும் தட்டுனேன். அப்பவே லாரில ஏத்திட்டாங்க.”

“அக்கா என்ன சொல்லுது?”

அந்த ஆள் வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்.

“அதுவும் ஆறு நாளாத் தூங்கலண்ணே. மச்சான் பெரட்டுக்குப் போன பிறகுதான் படுத்துச்சு. இப்ப அசந்து தூங்குது. எப்படி எழுப்புறது?”