ருக்மணியிடம் தோற்ற பெட்டி

— தொடாதே ருக்கு! மாமா அரக்கு முத்திரை வச்ச பெட்டி. நாலு மணிக்கு அவர் வந்துதான் உடைக்கணும்.

— தொடல அத்தான், பாக்குறேன். டெலிபோன் ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட சாமான்ல நீங்க செஞ்ச ஒரு பெட்டி! நான் உங்களக் கட்டிக்குவேனா மாட்டேனான்னு அது சொல்லணுமாக்கும். வெக்கமா இல்ல?

— கணக்குப்படி இதுல என்ன வெக்கம்? கோயில்ல பூக்கட்டிப் பாக்கலாம்னார் மாமா. நான் பெட்டியக் கேப்போம்னேன். பச்சைப் பல்பு எரிஞ்சா நீ சம்மதிப்பே, சிவப்பு எரிஞ்சா மாட்டே. ஜெயிச்சுட்டா மெர்டேக்கா சுதந்திர தினக் கண்காட்சியில இதுதான் வைக்கப்போறேன்.

— இதுக்கு என் மனசு எப்படித் தெரியும்?

— மனசெல்லாம் தெரியாது. உள்ளுக்குள்ள நாலு நிலை, அவ்வளவுதான். ஒரு கேள்விக்கு ஆமான்னா அடுத்த நிலைக்குத் தாவும், இல்லேன்னா பின்னால வரும். எந்த வழியா வந்துச்சுன்னு மறந்துடும். இப்ப எங்க நிக்குதுன்னு மட்டும்தான் தெரியும்.

— சரியா எங்கப்பாதான். எதுக்குக் கோபம் வந்துச்சுன்னு மறந்துடுவாரு, கோபத்துல நிக்கிறது மட்டும் தெரியும்.

— சிரிக்காதே. கேள்வியெல்லாம் நேத்தே போட்டாச்சு. நான் கொண்டாந்த கேசரிய மிச்சமில்லாம சாப்பிட்டியா? ஆமா. என் சைக்கிள் மணி கேட்டா ஜன்னலுக்கு வர்றியா? ஆமா. கணக்குப்படி பச்சைதான்.

— அப்போ நான் மாட்டேன்னு சொல்வேன்.

— ஏன்?

— அப்பா கடையில அத்தனை பேர் முன்னாடி சவால் விட்டேனே, மறந்துட்டீங்களா? எந்தப் பல்பு எரிஞ்சாலும் அதுக்கு நேர்மாறாச் சொல்வேன்னு. இப்ப பேச்சு மாறினா காஜா பெராங் தெருவுல தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?

— அலமாக், வம்பாப் போச்சே! அந்தச் சவாலையும் சேத்துக் கணக்குப் போட்டா?

— போடுங்க. சிவப்பு எரியும், நான் சரின்னுடுவேன். அப்பவும் பெட்டி பொய்தான்.

— அதுக்கு மேல இன்னொரு பெட்டி வச்சா?

— மாடி மேல மாடி கட்டுங்க. கடைசிப் பல்பப் பாத்துட்டுதானே நான் வாயத் தொறப்பேன்?

— கணக்குப்படி... இரு, இரு. எந்தப் பெட்டியாலயும் முடியாதுலா! எவ்வளவு பெரிசாக் கட்டினாலும் சரி. பதிலப் பாத்துட்டு மாத்திச் செய்யற ஆளோட பதில முன்கூட்டிச் சொல்ல வழியே இல்ல. ருக்கு, கண்காட்சி போய்த் தொலையட்டும். எனக்கு நீதான் வேணும். இப்பவே உடைச்சு சிவப்பு எரிய வச்சுடறேன்...

— அப்பா வந்துட்டாரு.

— என்ன கருணாகரா, இப்படி வேர்த்துக் கொட்டுது? என் முத்திரைய யாரும் தொடலையே? இந்தா உடைச்சாச்சு. பொத்தான அமுக்கறேன்.

— மாமா, ஒரு நிமிஷம்...

— சிவப்பு!

— சிவப்பா? பச்சைதானே மாமா வரணும்!

— ருக்மணி, நீ மாட்டேன்னு சொல்வியாம். பெட்டி சொல்லுது. நீ என்னம்மா சொல்றே?

— விட்ட சவால் விட்டதுதாம்பா. பெட்டிக்கு நேர்மாறு. எனக்குச் சம்மதம்.

— அடி சக்கை! பெட்டி தோத்துச்சு, பொண்ணு ஜெயிச்சா! இரு, உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன்.

— ருக்கு, சந்தோஷம்தான். ஆனா ராத்திரி மூணு தடவ சரிபாத்த பெட்டி, எங்கதான் தப்பாப் போச்சு?

— அதத் திட்டாதீங்க அத்தான். அது பச்சைன்னுதான் சொல்லுச்சு. முத்திரை வைக்கிறதுக்கு முன்னாடி, பல்பு மேல இருந்த ரெண்டு கலர்க் கண்ணாடியையும் மாத்தி மாட்டினது நான்.