கண்ணாடி கழற்றாத கண்களுக்கு

எல்லைக்கோட்டின் இருபுறத்தையும் ஒரே கண்ணால் கண்ட எங்கள் ஏற்றமே! காட்டைக் கட்டம் கட்டமாய்க் கணக்கிட்டுக் காத்த வரைபடப் பிரிவின் தலைவியே! கோபத்திலும் குறையாத குணக்குன்றே! இன்று பணி நிறைவு பெறும் அம்மையீர், வணக்கம்!

வானிலிருந்து எடுத்த படங்களை மேசையில் விரித்து, நம் நாட்டுக் காடும் அண்டை நாட்டுக் காடும் எவ்வளவு துண்டுபட்டுக் கிடக்கின்றன என்று ஒப்பிடுவதே உங்கள் வாழ்நாள் பணியாயிற்று. தாள் பறக்கும் என்று கோடையிலும் மின்விசிறியை அணைத்து, எங்களை வியர்வையில் வேகவைத்தீர்கள். தாமதமாக வந்தவரை வாசலிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினீர்கள். இதையும் பாராட்டு என்றே கொள்ளுங்கள்.

மறக்குமோ அந்த நாள்! அண்டை நாட்டுக் காடு சல்லடை, நம் காடு கிழியாத துணி என்று அறிக்கை அச்சேறி, வெளியீட்டு விழாவுக்கு மேடையும் போட்டாயிற்று. இரு நாட்டுக் காடுகளையும் இணைக்கும் கழுத்துப் போன்ற குறுகலான பகுதியின் குறுக்கே நெடுஞ்சாலை போடக் காத்திருந்தவர்களுக்கு அந்த அறிக்கையே துணை. இவ்வளவு பெரிய காட்டில் ஒரு கோடு கிழித்தால் என்ன குடிமுழுகிவிடும் என்றார்கள். அறையே ஆரவாரத்தில் மிதக்க, நீங்கள் மட்டும் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். அவர்கள் படம் நுணுக்கமானது. ஒற்றையடிப் பாதையும் அதில் தெரியும். நம் படத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு தெருவையே விழுங்கும் அளவு பெரியது. பாதை தெரியாததால் பாதையே இல்லை என்று எண்ணி, ஊர் மெச்சக் காத்திருந்தோம்.

நீங்கள் நேரே இயக்குநர் அறைக்குப் போனீர்கள். நாங்கள் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"சார், கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தா எல்லா மூஞ்சியும் வழவழன்னுதான் தெரியும்" என்றீர்கள்.

"இப்பப் போய் நிறுத்தச் சொல்றீங்களேம்மா! அமைச்சருக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார் இயக்குநர்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க. ரெண்டு பக்கத்தையும் ஒரே கண்ணாடி போட்டு அளந்துட்டு அப்புறம் பேசுவோம்."

விழா நின்றது. உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் அத்தோடு நின்றது. ஒரே அளவில் அளந்தபோது நம் காடுதான் அதிகம் கிழிந்திருந்தது. இருபுறத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது அந்தக் கழுத்து மட்டுமே. நெடுஞ்சாலை சுற்றுவழியில் போயிற்று. உங்களை நேரில் கண்டிராத அண்டை நாட்டு அலுவலர், தொலைபேசியில் "எங்க காட்டையும் சேத்துக் காப்பாத்திட்டீங்கக்கா" என்று நன்றி சொன்னார். நீங்களோ, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, புதுப் படம் எப்ப அனுப்புவீங்க?" என்றீர்கள்.

அருமை அம்மையீர்! உடல் நலமும் உள்ள நிறைவும் பெருகப் பெருக நெடிது வாழ்க! இனியாவது மின்விசிறியின் கீழ் உட்காருங்கள்.

பாராட்டு மடல் என்பதே குறைகள் மறையும்படி பெரிய பெரிய கட்டத்தில் எடுத்த படம் என்பீர்கள். சட்டமிட்டு மாட்டுமுன் இதையும் சரிபார்க்கத்தான் போகிறீர்கள். தாராளமாகப் பாருங்கள் அம்மா. நாங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதினோம்.

இனி உங்கள் ஏச்சுக்கு ஏங்கும்,
வரைபடப் பிரிவுப் பணித்தோழர்கள்