துண்டு போட்ட எடம்

நம்ம பெரியப்பா பஸ்ல ஏறினதும் என்னமோ சொல்வாரேக்கா, துண்டு வந்து உக்காந்துருச்சு, ஆளத்தான் காணோம்னு… இல்ல, வேற மாதிரி. அவர் சொன்னா சிரிப்பு வரும், நான் சொன்னா வரல. காலைலேர்ந்து அதான் மண்டைக்குள்ள ஓடுது.

வேலை பாத்த ஊருக்கு எப்பத் திரும்பிப் போறேன்னு கேக்கத்தான வந்த? அம்மா அனுப்பிருப்பாங்க. சொல்றேன், முதல்ல உக்காரு. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும்.

மூலைல ஒரு கம்ப்யூட்டர் இரையுது பாரு, அந்தக் கிழவர்தான் இந்த ஆஸ்பத்திரிக்கே ரத்தப் பரிசோதனை ரிசல்ட் அனுப்புறார். ரொம்பப் பழைய சிஸ்டம். தினம் பத்து மணிக்குக் கூட்டம் ஏறினா மனுஷன் படுத்துடுவார்.

ஏனா? சொல்றேன், ஆனா கொட்டாவி விடக் கூடாது. ஒரு டாக்டர் ரிசல்ட் கேட்டா, உள்ள அவருக்குன்னு தனியா ஒரு ஆளப் போடும். திரெட்டுன்னு பேரு. வந்த ஆள் வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மெமரில பெரிய எடமா பாத்துத் துண்டப் போட்டுடுவான். டாக்டர் போனாலும் இவன் எந்திரிக்க மாட்டான், ஒருவேளை அவர் திரும்பி வந்துட்டார்னா? இப்படி ரெண்டாயிரம் பேர் சேந்ததும், இனிமே ஆள் போட எடம் இல்லன்னு கைய விரிச்சுடும்.

நம்ம பசங்க கெட்டிக்காரங்க, மெமரி பத்தலன்னு புதுசா வாங்கி ரெண்டு மடங்காக்கிட்டாங்க. அப்பவும் அதே எடத்துல படுத்துட்டார். ஒரு புரோகிராமுக்கு இவ்வளவுதான்னு அந்தக் காலத்துலயே கோடு போட்டாச்சு, நீ எவ்வளவு கொட்டினாலும் அது நகராது. வேடிக்கை என்னன்னா, உள்ள முக்காவாசி காலி. எல்லாம் வெறும் துண்டு.

என்ன பண்ணேனா? துண்டையெல்லாம் தூக்கிட்டேன். மொத்தமே இருபது பேர், வர்ற வேலைய வரிசையா வாங்கிச் செய்யணும். இன்னிக்குப் பத்து மணி தாண்டிடுச்சு, கிழவர் ஜம்முனு இருக்கார்.

இரு, உன் கேள்விக்கு வரேன். அங்க வேலைக்கு லீவ நீட்டி நீட்டி, வீட்டப் பூட்டிப் போட்டு ரெண்டு வருஷமாச்சு. இங்க பெட்டியக் கூட நான் பிரிக்கல, அம்மா தினம் அதத் தாண்டித் தாண்டித்தான் சமையக்கட்டுக்குப் போறாங்க.

அந்த வீட்ட வேற யாருக்காவது விட்டுடச் சொல்லிட்டேன்க்கா. அங்க வேலைக்கும் இனிமே வரலன்னு காலைல எழுதி அனுப்பிட்டேன்.