காய்ச்சல் இல்லாதவர்களுக்கு ஒரு கோப்பை

சுவைக்கத் தெரிந்தவரும், சுவைத்ததை மறைக்காமல் சொல்லத் துணிந்தவருமான தலைவர் அஸ்ஃபர் அவர்களே! முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரே! வாசலில் கொடுத்த கோப்பையை வாங்கி, முகர்ந்து, முகம் சுளித்து, மெல்லக் கதிரைக்கு அடியில் தள்ளிவிட்ட என் அருமைச் சகோதரர்களே! மஹய்யாவ தேநீர்ச் சுவைஞர் வட்டத்தின் சார்பில் உங்கள் அனைவருக்கும் என் மனமும் மணக்கும் வணக்கம்!

தள்ளிய கோப்பைகளை எடுங்கள். ஆம், எடுங்கள். இந்த மேடையிலிருந்து எல்லாம் தெரிகிறது. நீலச் சட்டை அண்ணன், காலை அசைக்காதீர்கள், கவிழ்ந்துவிடும்.

அந்தக் கோப்பையில் இருப்பது என்ன? புதினா இருக்கிறது. புதினாவோடு பூ இருக்கிறது. ரோஜாவின் இதழ் இருக்கிறது, மல்லிகையின் மணம் இருக்கிறது, செவ்வரத்தையின் சிவப்பு இருக்கிறது! முதலில் மூக்கால் குடியுங்கள். பிறகு வாயால் குடியுங்கள். சத்தமாக உறிஞ்சுங்கள்! தேநீர் சுவைப்பவனுக்கு உறிஞ்சும் சத்தம் மரியாதைக் குறைவல்ல, தொழில் தர்மம்! நாவில் விழுந்ததும் புதினா முந்திக்கொண்டு வரும். ரோஜா வெட்கப்பட்டுக்கொண்டே பின்னால் வரும். செவ்வரத்தை கடைசியில் வந்து, நாக்கின் ஓரத்தைப் புளிப்பாகக் கிள்ளிவிட்டுப் போகும்.

என்ன சொல்கிறீர்கள்? "கசாயம் மாதிரி இருக்கு" என்கிறீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள்! அந்த எண்ணத்தால் என் தங்கையின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்த கதையைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

என் தங்கை சர்மிளா. கண்டி நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எங்கள் வீட்டில் இந்தக் கலவைப் பித்து முதலில் பிடித்தது எனக்கு, முற்றியது அவளுக்கு. முதன்முதலாகப் புதினாவும் மல்லிகையும் கொதிநீரில் போட்ட அன்று, மணம் மதில் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டு றலியா ராத்தா பாணும் பிஸ்கட்டுமாக ஓடிவந்து, "யாருக்கு தம்பி சொகமில்ல? மருந்து மணம் எங்கட ஊட்டு குசினி வரைக்கும் வருதே!" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நானும் பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சிரிக்கிறீர்கள். கலகெதரயிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, அன்று நான் சிரிக்கவில்லை!

மாப்பிள்ளை திலீபன், தங்கமான பிள்ளை. படத்தைப் பார்த்த நாளே சர்மிளாவுக்குப் பிடித்துவிட்டது. எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் கைகூட வேண்டுமே என்று வீடே தவித்தது. அம்மா பால் தேத்தண்ணிக்கு ஏலக்காய் தட்டினார். சர்மிளா விடவில்லை. "என்னையத்தானே பாக்க வர்றாங்க? நான் குடிக்கிறதையே குடிச்சுப் பாக்கட்டும்" என்றாள்.

வந்தார்கள். அமர்ந்தார்கள். தட்டு வந்தது. மாப்பிள்ளையின் தாயார் ரத்தினம்மா கோப்பையை எடுத்தார், முகர்ந்தார், வைத்தார். என் தங்கையை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"புள்ளைக்கு என்னா வருத்தம்? காய்ச்சலா?"

சபையோரே, அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். மைக் கண்டால் விடாதவன், மைக் இல்லை என்றால் மட்டும் மூடுவேனா?

"வருத்தமெல்லாம் இல்லீங்கம்மா. இது நரம்புக்கு ரொம்ப நல்லது."

"நரம்பு வருத்தமா!"

"இல்லீங்க, ராத்திரியில நல்லாத் தூக்கம் வரும்."

"ஐயோ, புள்ள தூங்குறதும் இல்லியா?"

"வயித்துக்கும் கேக்கும்ங்க..."

"அப்ப திங்கிறதும் செரிக்கிறதில்ல!"

நான் ஒரு நன்மை சொல்ல, என் தங்கைக்கு ஒரு நோய் கூடியது. மாப்பிள்ளையின் மாமா எழுந்து செருப்பைத் தேடினார். திலீபன் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இந்தத் தாய்மாரிடம் நான் விளக்கத் தேவையில்லை.

அப்போதுதான் சர்மிளா ஒரு கதிரையை இழுத்தாள். ரத்தினம்மாவுக்கு எதிரே அமர்ந்தாள். தனக்கும் ஒரு கோப்பை ஊற்றி, சபையறிய உறிஞ்சினாள்!

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்கம்மா. அண்ணன் பேச்ச விடுங்க. ருசியா இருக்கு, அதுக்காகத்தான் குடிக்கிறேன். ஒடம்பு நல்லா இருக்கறப்ப நல்லதக் குடிச்சா என்னாங்க?"

ரத்தினம்மா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் ஆப்பிள் தின்னதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான். ஒரு தடவகூட வாய்க்கு ருசி தெரியல."

சொல்லிவிட்டுக் குடித்தார். கண்ணை மூடிக் குடித்தார். கோப்பையை நீட்டினார்: "இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா."

கல்யாணம் நடந்ததா என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். நடந்தது ஐயா, நடந்தது! மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் தேதி பேசினோம்!

ஆனால் அன்பர்களே, அந்தத் தாய் சொன்னது என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. நமக்கு ஆப்பிள் எப்போது? ஆஸ்பத்திரியில். கொடிமுந்திரிகைப் பழம் எப்போது? காய்ச்சலில். இளநீர் எப்போது? அம்மை போட்டால்! உலகத்தின் காலையெல்லாம் மணக்க மணக்கக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்கள் நம் தாய்மார். அவர்கள் வீட்டு அடுப்பில் கொதித்ததோ கழித்துப் போட்ட தேயிலைத் தூள்! பூவின் சுவை அறிய நமக்கு நோய் வர வேண்டுமா? புதினாவின் குளிர்ச்சிக்கு டொக்டர் எழுதித் தரும் மருந்துத் துண்டு வேண்டுமா? உழைத்துக் களைத்த நாவுக்கு, உடல் நலமாக இருக்கும்போதே ஒரு கோப்பை இன்பம் உரிமை இல்லையா?

உரிமை உண்டு! ஆகவே குடியுங்கள். எதற்குக் குடிக்கிறாய் என்று எவர் கேட்டாலும் நரம்பைச் சொல்லாதீர்கள், வயிற்றைச் சொல்லாதீர்கள். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். நம் வீடுகளில் இத்தனை காலம் அந்தக் காரணம் போதாமல் இருந்தது. இன்று முதல் அது போதும்!

தலைவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், வெந்நீர் வைத்த தோழர்களுக்கும் நன்றி கூறி, கோப்பைகள் ஆறுவதற்குள் விடைபெறுகிறேன். வணக்கம்!