வீட்டுக்குப் போற வழி

இல்ல டாக்டரம்மா, உக்காந்தா முழங்கால் குடையுது, நின்னுக்கிட்டே சொல்றேன். நீங்க கேளுங்க. இன்னைக்கு வியாழக்கிழமை. மாசமும் வருஷமும் ஒப்பிச்சிடட்டா? நாலு நாளா வீட்ல இதே பாடம்தான். பையன் கேள்வி கேப்பான். மருமக கடிகாரம் வரையச் சொல்லும். எங்க வீட்டுக்காரி அடுப்படில இருந்தே, நூறுல ஏழு போனா எவ்ளோங்கன்னு குரல் குடுப்பா. தொண்ணூத்தி மூணுடி, ஆளை விடுன்னேன். ஆஸ்பத்திரில வந்து நான் ஃபெயிலாகிடக் கூடாதாம், மானம் போயிடுமாம்!

மறதிதான்னு முடிவே கட்டிட்டாங்க. சாயங்காலம் பால் வாங்கப் போனவன், ஊர்க் கோடில பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்திருந்தா வேற என்ன நெனைப்பாங்க? என்கூட வேலை பாத்த கண்டக்டர் ஒருத்தன் பாத்துட்டுப் பையனுக்குப் போன் போட்டுட்டான். அவன் ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டு, வழி தெரியலையாப்பான்னு கேட்டான். ஆமான்னு தலையாட்டி வச்சேன். அந்த ரூட்டுல ஆயுசுக்கும் பஸ் ஓட்டுனவன்மா நான்.

இருங்க, இந்த ஜன்னலக் கொஞ்சம் திறந்துக்கறேன். ஒரு இடத்துல இருப்பு கொள்ள மாட்டேங்குது. வீட்லயும் இப்படித்தான், கூண்டுல போட்டது மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன்.

என்ன கேட்டீங்க? கடைசியா எதை ஆசையா செஞ்சேனா? இது எங்க பாடத்துலயே இல்லையே! ம்... பார்க்குல கூட்டாளிங்களோட சீட்டு ஆடுவேன். இப்பப் போறதில்ல. சண்டை கிண்டை ஒண்ணுமில்ல. ஜெயிச்சாலும் ஒண்ணுதான், தோத்தாலும் ஒண்ணுதான்னு ஆகிப்போச்சு. அப்புறம் எதுக்கு உக்காந்து கலைச்சுக்கிட்டு?

கவலையா? சே சே. அழுகையெல்லாம் இல்லம்மா. சோறுதான் மண்ணு மாதிரி இருக்கு, வீட்டுக்காரி மனசு நோகுமேன்னு முழுங்கறேன். கோழி கூவறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும். வந்ததும், அட, இன்னைக்கும் விடியப் போகுதான்னு இருக்கும். வயசானா அப்படித்தானே? எல்லாருக்கும் அப்படித்தானேம்மா?

...இல்லையா?

அன்னைக்கு பஸ்ஸு எங்க ஏறுனேனா? எங்க தெரு முனைலதான். பால் பாக்கெட்டு கையில இருந்துச்சு. திரும்புனா வீடு. விளக்கு எரியறது தெரியுது, அவ இருமறதுகூடக் கேக்குது. கால் திரும்ப மாட்டேன்னுடுச்சும்மா. எவ்ளோ நேரம் நின்னேனோ. ஒரு பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். அது வராம இருந்திருந்தா எங்க போயிருப்பேன்னு எனக்கே சொல்லத் தெரியல.

மறதின்னே எழுதிடுங்களேன். மறதின்னா பையன் பாவம்னு நெனைச்சுட்டுப் போயிடுவான். வழி நல்லாத் தெரிஞ்சும் அப்பாவுக்கு வீட்டுக்கு வரத் தோணலன்னு அவன்கிட்ட எந்த வாயால சொல்வேன்? வெளிய வேற உக்காந்திருக்கான்...

என்னம்மா, நீங்க ஏன் எந்திரிச்சு வரீங்க?